மோட்டாரைக் கடித்த டாக்டர்

உலகத்திலேயே மோட்டார் சைக்கிளைக் கடித்துப் பார்த்து நோய் சொன்ன ஒரே மனிதர் மலேசியாவில், பெடாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில்தான் இருந்தார். இல்லை என்பவர்கள் இன்னொருவரைக் கொண்டுவந்து காட்டட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் அவர் 'பல்லு டாக்டர்'. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும், நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் சீழ் வடிந்து இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த வேலை என்ன தெரியுமா? எஞ்சின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்வது!

நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைப்பார். பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ஏறி, காது செய்யாத வேலையைச் செய்துவிடும். பிறகு தீர்ப்பு வரும்.

"இதுக்கு வாயு."

"இது இருமுது. எண்ணெய மாத்து."

"இது அழுவுது. வீட்டுல சண்ட போட்டுட்டு முறுக்கிக்கிட்டு வந்தியா?"

கடைசித் தீர்ப்பு மட்டும் தப்பவே தப்பாது. ஆனால் ஸ்பானரைத் தொடமாட்டார். "டாக்டர் எங்கயாச்சும் மருந்து கலக்குவானா?" என்பார்.

மற்ற தீர்ப்புகள் பாதி தப்பும். நான் சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். என் மோட்டாரில் ஒரு நாள் 'கடகட' என்று சத்தம். டாக்டர் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, பிஸ்டன் ஆடுது. இதுல வேலைக்குப் போனா நீ திரும்பி வருவ, மோட்டார் வராது லா."

என் கணவர் லீவு போட்டு எஞ்சினைக் கழற்றி, பாய் விரித்துப் பரப்பி, துடைத்து, திரும்ப மாட்டினார். அப்புறமும் அதே 'கடகட'. கடைசியில் என் மாமியார் வந்து மோட்டார் கூடையில் இருந்த டிபன் கேரியரைத் திறந்தார். உள்ளே ஒரு கரண்டி. டாக்டரிடம் போய்ச் சண்டைபோட்டேன். மனிதர் அசரவில்லை.

"கரண்டி எங்க இருந்துச்சு? மோட்டார்லதானே? மோட்டார்ல சத்தம்னுதானே நானும் சொன்னேன்!"

இருந்தும் யாரும் அவரை விடவில்லை. ஆயுத பூசையன்று தோட்டத்துக் கோயில் வாசலில் எல்லா மோட்டாரும் கழுவிக் குங்குமம் வைத்து வரிசையாக நிற்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டால் போதாது. டாக்டர் ஒவ்வொரு மோட்டாராகக் கடித்து "போலாம்" என்று சொன்ன பிறகுதான் பழம் நசுங்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவர் சலவைச் சட்டை போடுவார்.

ஊர் மோட்டாரையெல்லாம் கடித்தால் பல் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகக் கழன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எதிரெதிராக இரண்டுதான் மிஞ்சின. ஒரு வருஷம் பூசைக்குச் சில வாரம் இருக்கும்போது மேல் பல் பழுத்துக் கன்னம் வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. மனைவி ராசாத்தியக்கா பல் கிளினிக்குக்கு வரச்சொல்லி மன்றாடினார்.

"பூச முடியட்டும்" என்று வாயைப் பொத்திக்கொண்டார் டாக்டர்.

"பூச முடியறதுக்குள்ள நீ முடிஞ்சிருவ!" என்று அக்கா டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார். செட்டு வைக்க வேண்டும் என்று கீழ்ப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். செட்டுப் பல் வந்தது. அதை வைத்துக் கடித்தால் செட்டுதான் ஆடியது, சத்தம் ஏறவில்லை. டாக்டர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். ஸ்குரூடிரைவர் பால் டின் திறக்கப் போய்விட்டது. நான் பார்க்கப் போனபோது சொன்னார்:

"தங்கச்சி, நான் இப்பத்தான் செவிடாயிட்டேன்."

அதை எங்கள் லயத்து வீட்டு வரிசைப் பையன்களிடம் சொன்னேன். சத்தம் பெரிதாக இருந்தால் அவருக்குக் கேட்காதா என்று நாங்களாகவே முடிவு செய்து, பூசையன்று காலையில் ஆளாளுக்குத் தங்கள் மோட்டாரில் செயின் கவர் நட்டைத் தளர்த்தினோம். கோயில் வாசலுக்குப் போகாமல் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டி, சக்கரத்தடியில் பழமும் வைத்தோம். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டதும் எழுந்த இரைச்சலில் கோழிகள் கூரைக்குப் போயின.

டாக்டர் கட்டாயத்தின் பேரில் வந்து என் மோட்டாரைக் கடித்தார். செட்டு கையில் வந்தது. ஸ்குரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே திரும்பினார். ராசாத்தியக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, ஸ்குரூடிரைவரை எடுத்து அவர் கையில் திணித்து, பிடியை அவர் நெற்றியில் அழுத்தினார்.

"பல்லு போனா என்னய்யா? மண்டையில வச்சுப் பாரு! அது காலி வீடுதானே, நல்லாக் கேக்கும்!"

டாக்டர் கோபமாக முனையை எஞ்சின்மேல் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். கண் மூடியது. பொக்கை வாய் மெல்லத் திறந்தது.

"அடிப்பாவி, கேக்குதுடி! இத முன்னாடியே சொல்லியிருந்தா முப்பத்திரண்டு பல்லும் இருந்திருக்குமே!"

அடுத்த மோட்டார், அதற்கடுத்தது என்று ஓடினார். பாதி வரிசையில் நின்று எங்களை முறைத்தார்.

"எல்லா மோட்டாருக்கும் ஒரே எடத்துல நட்டு லூசு. இது நோய் இல்ல. எவனோ வேணும்னே கழட்டி வச்சிருக்கீங்க."

டாக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சலவைச் சட்டை இல்லாத தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ஸ்பானர் கொண்டாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாக அவர் மருந்து கலக்கியது. எல்லா நட்டையும் தன் கையாலேயே முடுக்கினார். நெற்றியில் விபூதிக்கு நடுவே எண்ணெய்க் கறை பொட்டாகப் பதிந்திருக்க, "போலாம்" என்றார். பழங்கள் நசுங்கின.

டாக்டர் போய்ச்சேர்ந்துவிட்டார். தோட்டத்தில் இருந்தவர்களும் டவுனுக்கு வந்துவிட்டோம். இப்போது என்னிடம் இருப்பது புது மோட்டார், ஒரு சத்தமும் கிடையாது. ஆனாலும் ஆயுத பூசைக்கு அதைத் துடைக்கும்போதெல்லாம் என் கை தானாகச் செயின் கவர் நட்டுக்குப் போகிறது. கொஞ்சம் தளர்த்தி வைத்தால் அவர் வந்து முறைக்கமாட்டாரா என்று இருக்கிறது.