வாலில் வைத்த பொட்டு

விமானம் வாலூன்றி விழுந்தபோது திடலில் நின்றவர்கள் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க் விஸ்வலிங்கம், அவர் மனைவி கனகேஸ்வரி, சம்பந்தியாகப் போகிற பரமநாதன், சைக்கிள் கடை பஷீர், பக்கத்து வீட்டு ஆசியா பீவி. தானும் நின்றதாகப் பினாங்கில் வேறு யார் சொன்னாலும் அது பொய்.

அது விளையாட்டு விமானம்: மூங்கில் எலும்பு, எண்ணெய்க் காகிதம், ரப்பர் முறுக்கில் சுழலும் விசிறி. கையில் பிடித்த இரண்டு நூலால் வால் மடலை மேலும் கீழும் அசைக்கலாம். அந்த வாலில்தான் விஸ்வலிங்கம் தம் பாட்டன் பெயர் முதல் குடும்பப் பெயரை எழுதியிருந்தார். ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் விமானம் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தி கண்ணெதிரே குடும்பப் பெயர் மண்ணில் கிடக்கும். பரமநாதனின் விமானமோ போன வருஷமே சுற்றிவிட்டது.

"வால் பாரம்லா, அண்ணே," என்றான் பஷீர்.

மடலை இழுத்த பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு சைக்கிள் கம்பியை வளைத்து மாட்டினார் விஸ்வலிங்கம். சந்தனம் வைக்காமல் அவர் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது. மூக்கில் விசிறி இருந்ததால், கனகேஸ்வரி கரைத்துக் கொடுத்ததை வாலில், பெயருக்கு மேலே, தாராளமாகப் பொட்டு வைத்தார்.

விமானம் முன்னைவிட வேகமாக வாலூன்றியது.

கம்பியும் பாரமென்று மூங்கில் சிம்பு வைத்தார். இரும்புக் கீலை எடுத்துவிட்டு நூலால் தைத்தார். பழுது பார்த்ததற்குப் புதுப் பொட்டு. மறுபடியும் விழுந்தது. வால் எலும்புகளை ஊசி மாதிரிச் சீவினார். நிலைமை மோசம் என்பதால் இம்முறை மூன்று பொட்டு.

இந்தத் தடவை அது கையைவிட்டுப் போகவேயில்லை.

"உங்கட விமானம் நல்லாக் குந்தியிருக்கப் பழகியிட்டுது," என்றார் பரமநாதன்.

விஸ்வலிங்கம் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். விமானத்தைக் கொல்லைப்புற மேசையில் வைத்தார். அன்றிரவு சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை வாலில் மஞ்சள் கறை மட்டுமே இருந்தது. சந்தனம் ஊறிவிட்டது என்றாள் கனகேஸ்வரி. ஊறியது நல்ல சகுனம் என்று அவரும் புதுப் பொட்டு வைக்கவில்லை.

விமானம் எழுந்தது. நூலை லேசாக இழுக்க, ஒன்றல்ல, இரண்டு சுற்றுச் சுற்றி, பூனை மாதிரி இறங்கியது. பரமநாதன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். விஸ்வலிங்கத்தின் குடும்பச் சந்தனத்துக்கு அப்படியொரு சக்தி என்ற பேச்சு, மாலைக்குள் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் வரை போய்விட்டது. அவர் அதை மறுக்கவில்லை. பொட்டுக்கென்று நாலு வீட்டார் விமானங்களோடு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே பார்த்துச் சந்தனம் கேட்டார்.

கனகேஸ்வரி கதவருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, சண்டையால கப்பல் வாறது நிண்ட நாளிலயிருந்து இந்த வீட்டில சந்தனமே இல்லை. நான் தந்தது மரவள்ளி மாவும் மஞ்சளும். காலமை ஆசியா பீவியின்ர கோழி அவ்வளவையும் கொத்தித் திண்ட பிறகுதான் உங்கட விமானம் பறந்தது."