இரண்டு அட்டைகளும் ஒரு சொளகும்

போடிநாயக்கனூரில் ஒருநாள்கூடக் காய்ச்சலென்று படுக்காமல், வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரே மனிதர் சொளகுக்காரர்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஏலக்காய்க் கடையில் சொளகில், அதாவது முறத்தில், காய் தரம் பிரித்தவர். வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஊராரின் மாத்திரைகளைத் தரம் பிரிக்கக் கிளம்பிவிட்டார்.

அதற்குத் தேவையும் இருந்தது. எங்கள் பக்கம் பலருக்கு வீடு கீழே சிலமலை கிராமத்தில், வேலை மலைமேல் கேரளத்து எஸ்டேட்டில். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை ஒன்று, கேரளத்து அட்டை ஒன்று. ஒன்று இருப்பது மற்ற மாநிலத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் இரண்டையும் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பயம். அதனால் மேலே வைத்தியம் பார்த்ததைக் கீழே உள்ள டாக்டரிடம் மூச்சுவிட மாட்டார்கள். கீழே பார்த்தது மேலே தெரியாது.

என் ஜெராக்ஸ் கடை ஜீப்பு ஸ்டாண்டு ஓரம். மலையிலிருந்து வந்து இறங்குகிறவர்களைச் சொளகுக்காரர் அங்கேயே மடக்குவார். "ரெண்டு பக்கத்து மாத்திரையும் கொண்டா. சொளகுல கொட்டு." பிறகு மருந்துச் சீட்டுகளை என்னிடம் நகலெடுத்து, மேலே உள்ளதைக் கீழேயும் கீழே உள்ளதை மேலேயும் கொண்டுபோய்க் காட்டுவார். சொளகும் கூடவே போகும். ஓர் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொளகு விற்க வந்தவரென்று இரண்டு தடவை விரட்டினார். மூன்றாம் தடவை தன் அம்மாவின் மாத்திரைகளோடு வாசலில் காத்திருந்தார்.

"நீங்க பேஷண்ட்டுக்கு யாரு?" என்று ஒரு டாக்டர் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு டாக்டருக்கும் நடுவுல அலையுறவன் சார்."

அவருக்குச் சிக்காமல் நழுவியவர் பேச்சியம்மா மட்டும்தான். மலையில் ஏலக்காய் எடுக்கிறவர், சர்க்கரை வியாதிக்காரர். "எனக்குச் சோலி கெடக்குண்ணே" என்று தினமும் ஓட்டம். ஒரு காலையில் என் கடை வாசலில் ஓட முடியாமல் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொளகுக்காரர் டீக்கடையில் சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ வாங்கிக் குடிக்கவைத்தார். பையைக் கொட்டினால், நிறம் வேறாக இரண்டு பட்டை மாத்திரை. இரண்டிலும் ஒரே மருந்து.

"ரெண்டையுமா ஆத்தா முழுங்குன?"

"ரெண்டு கவர்மெண்டு குடுத்தது. வீணாக்கலாமாண்ணே?"

"வெரசா கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

பேச்சியம்மா அந்த நிலையிலும் கேரளத்து அட்டையை இடுப்பில் செருகி மறைத்தார். "கார்டப் புடுங்கிருவாகண்ணே."

"புடுங்கட்டும். கார்டுதான் ரெண்டு இருக்கு. நீ ஒருத்திதான ஆத்தா."

அந்த அம்மாள் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டர் இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு மாத்திரையைச் சீட்டிலிருந்து அடித்தார், அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். மேலே உள்ள டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் பேச்சியம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். வாங்கிவர வெளியே போன சொளகுக்காரரை வெகுநேரம் காணோம். போய்ப் பார்த்தேன். ஊரையே அதட்டுகிற அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.