வாய் திறக்காத உலாவி

ஈரக்காட்டில் அட்டை எப்படியோ, இணையக் கடையில் உலாவி நிபுணர் அப்படி. நீங்கள் தேடிப் போகவேண்டாம். உட்கார்ந்தால் போதும், வந்து ஒட்டிக்கொள்வார்.

2006ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் ஒட்டிக்கொண்டிருந்தவர் செல்லசாமி. கடை அவருடையதல்ல, கணினியும் அல்ல. அபிப்பிராயம் மட்டும் சொந்தம்.

நோர்வூட் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஜீவராணிக்கு அன்று ஒரே வேலை: உயர்தரப் பரீட்சையின் மூன்று பாட முடிவையும் யாருக்கும் தெரியாமல் பார்ப்பது. ஒரு பாடம் போனாலும் மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்லிவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படிப் போனால், மறுபடி எழுத அப்பாவிடம் சம்மதம் வாங்கிய பிறகே அது அம்மா காதில் விழவேண்டும்.

பரீட்சைச் சுட்டெண்ணை அடிக்கப் போனவளைச் செல்லசாமி தடுத்தார்.

"ஐயையோ தங்கச்சி, இந்த பிரவுசர்லயா? நீ என்ன பாத்தேன்னு ஊரு பூரா சொல்லிப்புடும்!"

"அப்ப மத்ததுல போடுங்கண்ணே."

"அது வாயே தொறக்காது. ஆனா பொகவந்தலாவ பஸ் மாதிரி ஏத்தத்துல நின்னுரும். இரு, சோதிச்சுப் பாத்துருவோம்."

எப்படிச் சோதித்தார் என்கிறீர்கள்? மூன்று உலாவிகளையும் ஒன்றாகத் திறந்து, இருந்த ஒரே தொலைபேசி இணைப்பில் மூன்றிலும் அதே பக்கத்தை ஏற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, நுவரெலியாக் குதிரைப் பந்தயமே நடத்தினார். மூன்று குதிரையும் படுத்துக்கொண்டன. கிள்ளிய தேயிலைச் செடி மறுபடி கொழுந்து விட்டிருக்கும், அவ்வளவு நேரம்!

கடைசியில் ஒன்று எழுந்தது. மற்ற இரண்டையும் மூடினார், பழைய தடயங்களைத் துடைத்தார், திரையைத் தோளால் மறைத்தார். இத்தனை காவலுக்கு நடுவே முடிவு வந்தது.

"அடடா! ரெண்டு பாஸு, ஒண்ணு போச்சே தங்கச்சி!"

எதிரே பஸ் நிலையத்தில் கடலை விற்றவரே திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாண்ணே!"

"பயப்படாத. கம்ப்யூட்டர்ல ஒரு தடயமும் இருக்காது."

ஜீவராணி ஓடிப்போய் பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஒரு பாடந்தானம்மா, விடு" என்றார். முந்திப் போன பஸ்ஸில் செய்தி ஏற்கெனவே ஊர் சேர்ந்திருந்தது. அவள் லயத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தை எந்த உலாவி தொடும்?

போனது எந்தப் பாடம் என்று கேட்க உங்கள் வாய் துடிக்கிறதே, தெரியாதா எனக்கு? போங்கள், செல்லசாமிக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.