மெர்லிமாவில் நான் தாக்கல் செய்த பெலாஞ்சாவான்

தொண்ணூற்றெட்டாம் வருஷம். மலேசிய நாடே வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கம் சிக்கனம் பிடிக்கும்போது மெர்லிமாவ் வீரமுத்து சும்மா இருக்கலாமா? முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவன் நான். என் கணக்கைப் பார்த்து வெள்ளைக்கார மானேஜர் மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டு தடவை.

வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன்: வரவுக்கு மேல் ஒரு காசு செலவு கூடாது!

என் மனைவி மீனம்மா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அப்ப என் மாவரைக்கிற மிஷினு?"

"எவ்வளவு?"

"இருநூத்தி எம்பது வெள்ளி. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில தோசைக் கடை போட்டா ஆறே மாசத்துல போட்ட காசை எடுத்துடலாம். வளர்ச்சிங்க இது!"

"அதுக்கு ஒதுக்கீடு இல்ல."

"வெத்தலை?"

"வெட்டு."

"உங்க நாலு நம்பரு லாட்டரி?"

"அது முதலீடு!"

"என் வாயில வெட்டு, உங்க நம்பருக்குப் பூமாலையா? இது என்னங்க நியாயம்?"

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு என் பெலாஞ்சாவானைத் தாக்கல் பண்றேன். நியாயம் எல்லாம் அதுல வரும்."

"வெளியில சொல்லலாமா?"

"ஊருக்கே சொல்லு! ஒளிவுமறைவில்லாத நிர்வாகம்டி நம்முளது!"

இங்கேதான் சறுக்கினேன். மலாயில் பெலாஞ்சாவான் என்றால் வரவு செலவுத் திட்டம். அதன் வாலை நறுக்கிவிட்டால் பெலாஞ்சா. ஒருத்தன் காசில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுவது.

மூன்று நாள் அறையைப் பூட்டிக்கொண்டு எழுதினேன். பக்கத்து வீட்டில் ஓயாமல் கடகடவென்று சத்தம். இடி என்று நினைத்துக் குடையைத் தேடி வைத்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணி. முழுக்கைச் சட்டையோடு, கையில் பைலோடு கதவைத் திறந்தேன். வாசலில் ஐம்பது பேர்! முன்னால் பக்கத்து வீட்டுக் கணேஸ்வரன், செங் ஊர் பேக்டரியில் ஓவர்டைம் நின்றுபோனதில் பாதியாக இளைத்தவன்.

"அண்ணே, இந்தக் காலத்துல பெலாஞ்சா பண்ண யாருக்குலா மனசு வரும்? நீங்க தெய்வம்ணே!"

"நான் சொன்னது பெலாஞ்சா... வான்..."

"அதான் வந்துட்டோமே!" என்றது கூட்டம்.

சமையலறைக்கு ஓடினேன். "மீனா! என்னடி சொல்லித் தொலைச்சே?"

"நீங்க சொன்னதைத்தான். கடைசி ரெண்டெழுத்து வாயில நிக்கலைங்க. வெத்தலை இல்லாத வாயி பாருங்க."

"மானம் போகுது! ஏதாச்சும் பண்ணு!"

"பண்ணலாம். பக்கத்துல உஷாராணி வீட்டுல மூணு அண்டா மாவு பொங்கி நிக்குது. ரெண்டு பேருமா ஆட்டுக்கல்லுல அரைச்சோம். தலைக்கு ஏழு தோசை, முந்நூத்தம்பது தோசை. ஒண்ணு ஒரு வெள்ளி. முன்பணம்."

"ஒரு வெள்ளியா? கடையில எழுவது காசுடி!"

"வெள்ளி மதிப்பு விழுந்துருச்சே, பேப்பர் படிக்கலையா?"

"அவ்வளவு காசுக்கு எங்க போவேன்?"

"அரிசி மூட்டைக்குப் பின்னால பிஸ்கட் டின்னு. முந்நூத்தி அம்பத்தோரு வெள்ளி."

என் நம்பர் நிதி! மூன்று வருஷமாக எலிக்குக்கூடத் தெரியாமல் காத்தது.

வாசலில் கணேஸ்வரன், "அண்ணன் வாழ்க!" என்று ஆரம்பித்துவிட்டான். டின்னை எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து ஒரு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாருங்க, வரவுக்குள்ளதான் செலவு. ஒரு வெள்ளி உபரி!"

திங்கட்கிழமை மிஷின் வந்து இறங்கியது. மிச்ச எழுபது வெள்ளி அரிசி, உளுந்து, உஷாராணி கூலி என்று பங்காகிவிட்டது. இப்போது சனிக்கிழமைதோறும் பாசார் மாலாமில் எங்கள் கடைக்குக் கூட்டம், ஜாசின் வரை வரிசை நிற்கிறது. உஷாராணிக்குச் சம்பளம். கணேஸ்வரனுக்கு மூட்டை தூக்கச் சம்பளம். நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிறேன்.

போன வாரம் துணிந்து கேட்டேன். "மீனா, எனக்கு?"

வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தாள்.

"அதுக்கு ஒதுக்கீடு இல்லைங்க."