முன்கூட்டியே எழுதி வாங்கிய திருப்தி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நானும் குழந்தையும் சௌக்கியம். அங்கு அனைவரும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ சௌக்கியமா என்பதுதானே இப்போது பிரச்சினை. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் கறை படுகிறது என்று நீ சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. கேட்டால் "போறேன்டி" என்கிறாய், மேலே பேசினால் போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு உன்னை இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்து, நேற்று கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போய் வந்தேன்.

போய் உட்கார்ந்ததுமே பதிவு மேசைப் பெண் ஒரு தாளை நீட்டினாள். 'இன்றைய சேவையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி?' வலி, விளக்கம், அந்தரங்கம் காத்த விதம் என்று எட்டுக் கேள்விகள். "நான் இன்னும் உள்ளேயே போகலியே" என்றேன். "முன்னாடியே எழுதிடுங்க மேடம். முடிஞ்சதும் எல்லாரும் குடையைக்கூட எடுக்காம ஓடிடுறாங்க, நான் யாரைப் போய்ப் பிடிக்க?" என்றாள். பக்கத்திலிருந்த தையல்கார அம்மா எட்டுக்கும் 'மிகத் திருப்தி' என்று டிக் அடித்து நீட்டிவிட்டார். போன தடவை வலித்ததா என்று கேட்டேன். "வலிச்சுது. அப்பவும் திருப்தின்னுதான் போட்டேன். எழுதிக் குடுத்தா நல்லா பார்ப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை." நான் படித்தவள் இல்லையா, பார்த்த பிறகுதான் எழுதுவேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

என்னைக் கூப்பிட்டதும் குழந்தையைத் தையல்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தால், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருமுறை துடைப்பத்துடன் ஒருவர் எட்டிப் பார்த்தார், ஒருமுறை ஃபைலுடன் ஒருவர், அதற்குள் வெளியே குழந்தை வீறிட ஆரம்பித்துவிட்டான். படுத்தபடியே நான் "பைல கிலுகிலுப்பை இருக்கு, அது இல்ல, மஞ்சள் கலரு, அடில பாருங்க" என்று கத்த, நர்ஸ் "வாய் பேசட்டும், உடம்பைத் தளர்த்துங்கம்மா" என்றார். கிலுகிலுப்பை கிடைத்து அழுகை நின்றபோது, "எழுந்திரிங்க, முடிஞ்சிடுச்சு" என்றார். அவ்வளவுதான் அக்கா. வலி, ரவிக்கை ஊக்கு குத்தியதைவிடக் குறைவு. நீ இரண்டு மாதமாகப் பயப்படுவது இந்த இரண்டு நிமிடத்துக்கு.

வெளியே வந்து நிதானமாக எழுதினேன்: நர்ஸ், மிகத் திருப்தி. விளக்கம், பரவாயில்லை. அந்தரங்கம், துளியும் இல்லை, தாழ்ப்பாள் வேண்டும். அதைப் பார்த்த தையல்கார அம்மா மேசைக்குப் போய், "என்னுதையும் குடும்மா, திருத்தணும்" என்றார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். பதிவுப் பெண் அழாத குறை. சத்தம் கேட்டு வந்த தலைமை நர்ஸ் திட்டப் போகிறார் என்று நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவரோ தாளை இரண்டு முறை படித்தார். "தாழ்ப்பாள் கேட்டு நாலு தடவை எழுதிட்டேன். எல்லாரும் மிகத் திருப்தின்னு போட்டிருக்காங்களே, அப்புறம் எதுக்குன்னு மேல இருக்கறவங்க திருப்பி அனுப்பிடுறாங்க" என்றவர், எங்கள் தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு மேலே போனார். நான் புறப்படும்போது தச்சர் கதவில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே உனக்கு இனி எந்தச் சாக்கும் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன். வராவிட்டால் குழந்தையோடு உன் வீட்டு வாசலில் வந்து உட்காருவேன். அவன் எப்படிக் கத்துவான் என்று உனக்குத் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் பிடிவாதக்காரத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தான் போன் செய்தார். நீ போன மாதமே பரிசோதனை செய்துகொண்டாயாம், டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினாராம், சொன்னால் நான் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று மறைத்தாயாம். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். பிறகு யோசித்தேன், பதிந்த இடம் வீணாகக் கூடாது. உன் மாமியாருக்கு ஐம்பத்தெட்டுதானே ஆகிறது, அவர் இதுவரை போனதே இல்லையே. உறைக்குள் வைத்த பதிவுச் சீட்டில் உன் பெயரை அடித்து அவர் பெயரை எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நீ அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.