ஒற்றை விரலில் நிற்கும் துப்பாக்கி

இந்த வருஷம் மலை ஏறுவேன், சுட்ட வரையாட்டோடுதான் இறங்குவேன் என்று ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குளியலறைக் கண்ணாடி முன் நின்று சபதம் செய்தேன். கண்ணாடிக்குள் இருந்த ஆள் நம்பவில்லை. அவனுக்குப் போன வருஷத்துக் கதை தெரியும்.

போன வருஷம் பாதி மலையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு முன்னால் போய்விட்டது, நான் பின்னால் நின்றுவிட்டேன். மேலே பாறை விளிம்பிலிருந்து பிடரி மயிர் பறக்க ஒரு வரையாட்டுக் கடா என்னை எட்டிப் பார்த்தது. பயந்த மாதிரி தெரியவில்லை. பரிதாபப்பட்ட மாதிரிதான் தெரிந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து என் மனைவி ரேவினிடம், "ஒரே மூடுபனி. கை நீட்டினா கை தெரியல" என்றேன். அன்று எங்கள் ஊர் ஃபேர்லியில் எல்லார் வீட்டுக் கொடியிலும் துணி வெயிலில் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தது. அவள் என் சட்டையை மடித்துக்கொண்டே, "அப்படியா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தப்பு என்னுடையது இல்லை. துப்பாக்கியுடையது. அப்பா காலத்து ரைபிள். இரும்பும் மரமுமாக ஒரு கன்றுக்குட்டியின் கனம். இந்தக் கட்டையால் அந்தக் கட்டையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே லேசான ரைபிள் ஒன்றை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். லேசு மட்டும் போதாது. தோட்டா அறைக்குக் கீழே ஒற்றை விரலைக் கொடுத்தால், முன்னேயும் சாயாமல் பின்னேயும் சாயாமல், தராசு மாதிரி நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் மேடு ஏறி நடுங்குகிற கையிலும் குறி அலையாது.

ஒரே ஒரு சிக்கல். ரேவின் ரொம்ப நாள் முன்பே சட்டம் போட்டிருந்தாள்: இந்த வீட்டுக்குள் இன்னொரு துப்பாக்கி வந்தால், ஒன்று அது இருக்கும், இல்லாவிட்டால் நான் இருப்பேன். யார் இருப்பது என்பதை அவள் தெளிவாகச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆனால் சட்டம் என்றால் ஓட்டை இருக்கும். துப்பாக்கிப் பெட்டகத்தில் இரண்டாவது ரைபிள் ஒன்று, தோளில் பதிகிற மரக்கட்டை உளுத்துப்போய்க் கிடந்தது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற அதன் போல்ட் மட்டும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் வரும். அந்த போல்ட்டை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிட்டால் அது புதுத் துப்பாக்கி ஆகாது. பழுது பார்த்தது ஆகும்.

பக்கத்து வீட்டு ஃபெர்கஸ் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார் நிறுத்தவேண்டிய இடத்தில் லேத் வைத்திருக்கிறான். கார் மழையில் நனைகிறது. அவனிடம் போனேன்.

"துப்பாக்கியோட பேரலை மெலிசாக் கடையணும் ஃபெர்கஸ். ரேவினுக்குத் தெரியக்கூடாது."

"எதுக்கு மெலிசா?"

"எடை குறையணும்."

"துப்பாக்கியோட எடையக் குறைக்கிறதுக்குப் பதிலா உன்னோட இடையக் குறைக்கலாமேடா, டெஸ்மண்ட்."

"அதுக்கும் உன்கிட்ட லேத் இருக்கா?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இது சின்ன லேத்துடா" என்றான்.

அடுத்தது கட்டைக்கு மரம். கொட்டகையில் நல்ல வால்நட் பலகை ஒன்று இருந்தது. சமையலறைக்கு அலமாரி அடித்துத் தருகிறேன் என்று ரேவினிடம் சொல்லி வாங்கி வைத்த பலகை. அதைத்தான் அறுத்தேன். அலமாரி வேலை நடக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் ரம்பத்தை நிறுத்தவில்லை.

மூன்று நாள்கூட ஆகியிருக்காது. கையில் தேநீரும் தட்டில் சீஸ் ஸ்கோன் ரொட்டியுமாகக் கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"அலமாரியா? நடக்குது."

அவள் மேசை மேலிருந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நடக்கும், நடக்கும். சுடவும் செய்யும்போல இருக்கே. அலமாரிக்கு ட்ரிகர் எதுக்குப்பா?"

என் வாய் திறந்தது. உள்ளே பொய் ஒன்றும் தயாராக இல்லை. "போன வருஷம் மூடுபனி எல்லாம் இல்ல, ரேவின்" என்றேன். "என்னால ஏற முடியல."

"தெரியும்" என்றாள். கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். "இது லேசா இருக்குமா?"

"பூ மாதிரி இருக்கும்."

"அப்பச் செய்."

இவ்வளவுதான். சண்டை இல்லை, சட்டம் இல்லை. அன்று ராத்திரி நான் மிகவும் சமர்த்தன் என்ற நினைப்போடு தூங்கினேன்.

அதிலிருந்து தினமும் வந்து பார்க்க ஆரம்பித்தாள். நானும் பெருமைக்குக் கையில் கொடுத்து, "தோள்ல வெச்சுப் பாரேன்" என்பேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்ப்பதுபோல அலட்டிக்கொள்ளாமல் தோளில் பொருத்துவாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

"கட்டை நீளம்பா. மலைக் குளிருக்குத் தடிக் கோட்டு போடுவோமில்ல, அக்குள்ல மாட்டிக்கும்."

நியாயம். அறுத்தேன்.

"பிடி ரொம்பத் தடிமனா இருக்கு."

"எனக்குப் பெரிய கை, ரேவின்."

"இருக்கட்டும். செதுக்கினா எடையும் குறையும்ல?"

இந்த ஒரு வார்த்தையில்தான் அவள் என்னைப் பிடித்தாள். எடை குறையும் என்றால் அந்த மாதம் என் காதைக்கூட அறுத்துக் கொடுத்திருப்பேன். பிடியைச் செதுக்கினேன். கன்னம் பதிகிற இடத்தை அவள் சொன்னபடி மாற்றினேன். பெரிய தோட்டா வேண்டாம், லேசான துப்பாக்கி முரட்டுத்தனமாக உதைக்கும் என்றாள். மாற்றினேன். பின்கட்டையை உள்ளே குடைந்தேன். அதனால் முன்பக்கம் கொஞ்சம் இழுத்தது. ஃபெர்கஸ் பேரல் நுனியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான்.

பிறகு விரலில் வைத்துப் பார்த்தேன். நின்றது. சாயவில்லை, ஆடவில்லை. மீன்கொத்தி ஒன்று கிளையில் உட்கார்ந்த மாதிரி என் ஒற்றை விரலில் உட்கார்ந்திருந்தது. ஃபெர்கஸ் தொப்பியைக் கழற்றினான். ரேவின் என் முதுகில் கை வைத்து, "அழகா செஞ்சிருக்கப்பா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழகு என்று சொன்ன என்னுடைய முதல் காரியம் அது.

சுட்டுப் பார்க்க ஆற்றோரத்துச் சரளைக் குழிக்கு மூவரும் போனோம். பையின் மேல் ரைபிளைச் சாய்த்து, குப்புறப் படுத்து, அதன்மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். கழுத்தை மடக்கி, ஆமை மாதிரி உள்ளிழுத்தால்தான் கண் சரியாக வந்தது. ட்ரிகரை அழுத்தினேன்.

குண்டு முன்னே போனது. தொலைநோக்கி பின்னே வந்தது. என் புருவத்தில் நேராக.

ரேவின் கைக்குட்டையால் ரத்தத்தைத் துடைத்தாள். "கட்டை உனக்குக் குட்டையாப் போச்சுப்பா. முகம் ரொம்பக் கிட்டக்கப் போகுது."

"நீதானே அறுக்கச் சொன்ன?"

"ஆமா, நான்தான்" என்றாள். பிறகு என்னை மெதுவாக ஓரமாக உருட்டிவிட்டு அந்த இடத்தில் படுத்தாள். துப்பாக்கி அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே, அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி போய் அமர்ந்தது. போல்ட் ஒருமுறை போய் வந்தது. சுட்டாள். மறுபடி. மறுபடி. ஃபெர்கஸ் இருகண் நோக்கியில் குறி அட்டையைப் பார்த்தான். "மூணு ஓட்டையையும் ஒரு டீக்கப்பு வெச்சு மூடிடலாம்" என்றான். அவன் குரலில் ஆச்சரியமே இல்லை.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாடா?" என்று அவனைக் கேட்டேன்.

"பேரல் எவ்வளவு நீளம் வேணும்னு அவதானே வந்து சொன்னா?" என்று காரைப் பார்த்து நடந்துவிட்டான்.

நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "இதையெல்லாம் தூக்கிட்டுப் போக லைசன்ஸ் வேணும், ரேவின்."

"இருக்கே."

"எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியே. எங்கப்பா கூட மலைக்குப் போயிட்டிருந்தேன்ல. பத்து வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சிடுவேன்."

"புதுப்பிக்கறப்ப வீட்டுக்கு வந்து புருஷன விசாரிப்பாங்களே. என்னை யாரும் விசாரிக்கலியே?"

"விசாரிச்சாங்கப்பா. 'உங்க மனைவி பொறுப்பானவங்களா'ன்னு கேட்டாங்க. நீ ரக்பி பாத்துக்கிட்டே 'ரொம்ப'ன்ன. உன் லைசன்ஸுக்குத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்ட."

"எதுக்கு ரேவின் இத்தனை வருஷமா புதுப்பிச்ச?"

அவள் வெற்றுத் தோட்டாக்களைச் சரளையிலிருந்து பொறுக்கி எடுத்தாள். "ஒவ்வொரு மே மாசமும் நீ பையை மாட்டிட்டுக் கிளம்புவ. 'நீயும் வர்றியா'ன்னு கேப்பன்னு நெனப்பேன். பிள்ளைங்க சின்னதா இருந்தப்ப கேக்காதது சரி. அதுங்க போயி எவ்வளவு நாளாச்சு."

புருவம் எரிந்தது. கண் கலங்கியதற்கு நல்லவேளையாக அது ஒரு காரணமாக இருந்தது. "சரி, வர்றியா?" என்றேன்.

"வர்றேன். பையை நீ தூக்கிக்கோ."

மே மாதம், எங்கள் ஊரில் குளிர் இறங்குகிற நேரம், ஏறினோம். அப்பாவின் ரைபிள் வீட்டிலேயே இருந்தது. சாப்பாடு, கூடாரம், அடுப்பு எல்லாம் என் முதுகில். அவள் முன்னே போனாள். எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று, கீழே ஏரியைக் காட்டி, "எவ்வளவு நீலம் பாரேன்" என்பாள். மேகம் மூடி ஏரியே தெரியாதபோதும் நின்று அதையே சொன்னாள். போன வருஷம் நான் உட்கார்ந்த இடம் எப்போது கடந்து போனது என்று எனக்குத் தெரியாது.

மதியத்துக்கு மேல் ஒரு கடாவைப் பார்த்தோம். எதிர்ச் சரிவில், பாறைத் திட்டின் மேல், பிடரி காற்றில் அலைய நின்றது. ரேவின் ரைபிளை என் பக்கம் நீட்டினாள். "நீ சுடுப்பா. உன் ஆசை."

புருவத்துப் பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினேன். "அது உன்னைத்தான் பாக்குது. நீயே சுடு."

ஒரே வெடி. கடா மடிந்து, சரிந்து, சரளையோடு சரளையாக உருண்டு, பள்ளத்தாக்கின் அடியில் போய் நின்றது. ரேவின் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இருபது வயதுப் பெண் மாதிரி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

நான் இறங்கிப் போனேன். தொடைகளை வெட்டிக் கட்டினேன். கொம்போடு தலையையும் எடுத்து மேலே வைத்துக் கட்டினேன். முதுகில் ஏற்றியதும் கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கின. அண்ணாந்து பார்த்தேன். அவள் உச்சிப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ரேவின், இறங்கி வந்து இதுல ஒரு தொடையை மட்டும் வாங்கிக்கயேன்" என்று கீழிருந்து கத்தினேன்.

"எப்படிப்பா முடியும்? நான் இந்தத் துப்பாக்கியைத் தூக்கிட்டு வரணுமில்ல, அது என்ன லேசுப்பட்ட வேலையா?"