ஏழாம் கேள்விக்கு எட்டாம் பதில்

அன்று கேள்வி நேரத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கமே வராதவர்களெல்லாம் பிறகு நேரில் பார்த்ததுபோலப் பேசித் திரிந்தார்கள். உயரமான நாற்காலியில் சபாநாயகர். அவருக்கு வலப்பக்கம், மின்சாரத்துக்கும் தகவல் தொடர்புக்கும் சேர்த்து ஒரே அமைச்சர். எதிர்வரிசையில் எதிர்க்கட்சியின் வக்கீலம்மா. அமைச்சரின் முதுகுக்குப் பின்னால், மரத்தடுப்புக்குள் அதிகாரிகள் உட்காரும் இடத்தில் எங்கள் மாப்பிள்ளை. அவருக்கும் அமைச்சருக்கும் நடுவே சீட்டு கொண்டுபோய்க் கொடுக்கும் சபை ஊழியர். மேலே பார்வையாளர் மாடத்தில் நானும் என் மகளும். மற்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். விழித்திருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

மாப்பிள்ளை அந்த அமைச்சகத்தில் சபைக்குப் பதில் தயாரிக்கும் பிரிவின் பொறுப்பு அதிகாரி. அதாவது, நாற்காலி அவருடையது. பதவி இன்னும் அவருடையதல்ல. அன்று காலை அமைச்சர் காரில் ஏறும்போது சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு சபை சிக்கல் இல்லாம முடிஞ்சா, சாயங்காலமே உங்க பதவி உயர்வுல கையெழுத்துப் போட்டுடறேன். நான் மாட்டிக்கிட்டேன்னா, கலங்கரை விளக்கப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. யோசிச்சுக்குங்க."

கலங்கரை விளக்கப் பிரிவு ஒரு தீவில் இருக்கிறது. என் மகளுக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளாது. அதுகூடப் பெரிதல்ல. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். ஒருவரிடமும் யாரும் விளக்கம் கேட்டதில்லை. மாப்பிள்ளை வெளியிலிருந்து வந்தவர்தான். ஆனால் பெண்ணைக் கொடுத்த பிறகு அவருக்கு வரும் தலைகுனிவு எங்களுக்கும்தான்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியை அங்கே யாரும் வாசிப்பதில்லை. எல்லோர் மேசையிலும் அச்சில் இருக்கிறது, எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வது மரபு. உறுப்பினர் எழுந்து எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சர் எழுந்து பதிலைச் சொல்வார். அன்றைய ஏழாம் கேள்வி மின்வெட்டைப் பற்றியது. எட்டாம் கேள்வி தொலைபேசிக் கோபுரங்களைப் பற்றியது. இரண்டையும் கேட்டிருந்தவர் வக்கீலம்மா.

"கேள்வி எண் ஏழு" என்றார் வக்கீலம்மா.

அமைச்சர் எழுந்தார். கோப்பைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். மின்வெட்டு குறைந்திருக்கிறது, மின்மாற்றிகள் நாலாயிரம் புதிதாக வைக்கப்பட்டிருக்கின்றன என்றார்.

மாப்பிள்ளை துள்ளி உட்கார்ந்தார். அவர் எழுதிக் கொடுத்தது நானூறு. ஒரு புள்ளி தவறினாலும் சோறு இறங்காத மனிதர் அவர். தட்டச்சில் ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். உடனே 'நாலாயிரம் அல்ல, நானூறு' என்று ஒரு சீட்டு எழுதி ஊழியரிடம் நீட்டினார். சீட்டுகளில் எழுதியதைப் பிறகு மாப்பிள்ளையே என்னிடம் சொன்னார். நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

அமைச்சர் சீட்டை வாங்கினார், பார்த்தார், தலையாட்டினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். கோபுரங்களுக்கு வருவோம். மலை உச்சியில நின்னு பேசினாலும் பக்கத்து வீட்டுல பேசற மாதிரி கேக்கணும். அதுதான் இந்த அரசோட கனவு!"

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. காலையில் கோப்பைக் கட்டியது அவர் கைதான். ஏழாவதின் நடுவே எட்டாவதின் பக்கங்களைச் செருகிவிட்டோமா?

வக்கீலம்மா விட்டுவிடுவாரா?

"சபாநாயகர் அவர்களே, எங்க ஊர்ல பொழுது சாஞ்சா கரண்ட் இல்ல. அமைச்சர் கோபுரம்ங்கறாரு. அதுல ஏறி நின்னா வெளிச்சம் வருமா, இல்ல விழுந்தா வருமா?"

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள். மாடத்தில் என் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இவர் ஏன் எழுதிக்கிட்டே இருக்காரு?"

"கடமைம்மா. நிமிர்ந்து உக்காரு. நம்மளையும் பாக்கறாங்க."

மாப்பிள்ளை எழுதியது: 'பக்கம் மாறிவிட்டது. மின்சாரத்துக்கு வரவும்.' ஆனால் சீட்டு கொண்டுபோகிறவர் சபாநாயகரின் எதிரே வரும்போதெல்லாம் நின்று தலை வணங்க வேண்டும். அவர் போய்ச் சேருவதற்குள் ஏழு முடிந்து, வக்கீலம்மா எட்டாம் எண்ணைச் சொல்லி, அமைச்சரும் கோபுரங்களைப் பற்றிச் சரியாகவே பேச ஆரம்பித்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சீட்டு அவர் கையில் விழுந்தது. பார்த்தார். தலையாட்டினார்.

"ஆனா மின்சாரம்னு எடுத்துக்கிட்டா..." என்று மின்மாற்றிக்குத் தாவினார்.

வக்கீலம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"போன் ஏன் வேலை செய்யலைன்னு கேட்டேன். மின்மாற்றிங்கறீங்க. அப்ப கரண்ட் போனா கோபுரமும் படுத்துக்குதுன்னு ஒத்துக்கறீங்களா? கரண்ட் போச்சுன்னு சொல்லப் போன் வேணும். போன் வேணும்னா கரண்ட் வேணும். ஜனங்க யாருக்குத்தான் சொல்றது? புறா வளக்கவா?"

"அப்படி எதுவும் கிடையாது. நான் முழுசா மறுக்கறேன்" என்றார் அமைச்சர்.

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. ஆனாலும் அமைச்சர் தளர்ந்துவிடக் கூடாதே என்று பயம். 'தொடர்ந்து மறுக்கவும்' என்று எழுதி அனுப்பினார். ஊழியர் வணங்கி வணங்கிப் போய்க் கொடுத்தார். அமைச்சர் சீட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி. மறைக்க என்ன இருக்கு? ஒத்துக்கறேன். படுத்துக்குது."

சபை அதிர்ந்தது. ஆளும் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தன் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ அதுவே மாற்றி எழுதிவிட்டதுபோல.

"அப்பா, கலங்கரை விளக்கத்துல வீடு எப்படி இருக்கும்?" என்றாள் மகள்.

"வட்டமா இருக்கும். பேசாம இரு."

"பீரோவ எங்க வைக்கறது?"

எனக்கும் தெரியவில்லை.

"ஒத்துக்கிட்டதுக்கு நன்றி" என்று வக்கீலம்மா மறுபடி எழுந்தார். "எல்லாக் கோபுரத்துக்கும் பேட்டரி எப்ப வைப்பீங்க?"

அமைச்சர் ஒரு கணம் யோசித்தார். "அது அரசின் பரிசீலனையில் உள்ளது."

இதைவிடச் சிறந்த பதிலை மாப்பிள்ளையின் பிரிவு இதுவரை கண்டுபிடித்ததில்லை. யாரையும் எதற்கும் கட்டாத பதில். மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. நன்றி தாங்காமல் 'மிகச் சரி. இத்துடன் அமரவும்' என்று எழுதி அனுப்பினார்.

அமைச்சர் அதையும் பார்த்தார். மேசையை ஓங்கிக் குத்தினார்.

"பரிசீலனையாவது, ஒண்ணாவது! இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரு கோபுரம் விடாம பேட்டரி வைக்கறேன். இது என் வாக்கு!"

எதிர்வரிசையில் மேசை தட்டினார்கள். அதைப் பார்த்து இந்த வரிசையிலும் தட்டினார்கள். வக்கீலம்மா அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து வணக்கம் வைத்தார். மாப்பிள்ளை சீட்டுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் மகளும் படியிறங்கி நடைக்கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, நான் அப்படி எழுதவே இல்லை. உக்காருங்கன்னுதான் எழுதினேன்."

"எதுவா இருந்தாலும் தலை நிமிர்ந்து நில்லுங்க மாப்பிள்ளை. குனிஞ்சு நின்னா தப்பு பண்ணவங்க மாதிரி ஆயிடும்."

கதவு திறந்தது. அமைச்சர் வந்தார். நேராக வந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

"எத்தனை வருஷ அரசியல்! எனக்கு எதிர்க்கட்சி மேசை தட்டினது இன்னிக்குத்தான். சரியான நேரத்துல சரியான சீட்டு! சாயங்காலம் வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

அவர் போய்விட்டார். மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டார். என் மகள் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள்.

அதற்குள் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பேட்டரி வாக்குறுதியை நீங்க எழுதிக் கொடுத்து அமைச்சர் அப்படியே படிச்சாராமே? உண்மையா?" என்று ஒருவர் கேட்டார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். குடும்பத்துக்கு வருகிற பெருமையை வாசலில் நிறுத்தி விசாரிக்கக் கூடாது.

"எங்க மாப்பிள்ளை பேனாதான். மூணு தலைமுறையா எங்க வீட்டுல..."

"யாருங்க சொன்னது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சீட்டு கொண்டுபோன ஊழியர், காலணியைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அமைச்சர் ஒரு சீட்டையும் படிக்கல. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாரு. சீட்டு வந்தா நாம பேசறது தப்புன்னு அர்த்தம்னு என்கிட்டயே சொல்லி, ஒவ்வொரு தடவையும் பேச்சை மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதான்."